கதைக்கும் ஒரு பேரேடு வேண்டும்

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சில் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பாத்திரம் "எனக்க வீடு" என்று சொன்னால் கைபேசி அதை "எனக்கு" என்று திருத்தப் பார்க்கும். "ஓர்மை"யின் அடியில் சிவப்புக் கோடு விழும். ஊர்ப்பேச்சைப் பிழை என்று நினைக்கிற மென்பொருளை வைத்துக்கொண்டு எப்படி நாவல் எழுதுவது?

இதற்கு ஈமேக்ஸ் நல்ல வழி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்ட க்னூ ஈமேக்ஸ், இன்றும் இலவசம். நிரல் எழுதுபவர்களின் கருவி என்று ஒதுக்க வேண்டாம். நீல் ஸ்டீபன்சன் தன் பரோக் சைக்கிள் நாவல்களைப் பேனாவால் எழுதி, பிறகு ஈமேக்ஸில்தான் செப்பனிட்டார்.

இதில் கதைக்காரர்களுக்கு உண்மையான புதையல் ஆர்க் மோட். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-ல் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்தச் செய்துகொண்டது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: குறிப்பேட்டில் ஒருமுறை பதிந்தால் போதும், பேரேடு தானே வரும்! அத்தியாயத்துக்கு ஒரு தலைப்பு, தலைப்பின் ஓரத்தில் பாத்திரங்களின் பெயர். தங்கம்மை வரும் அத்தியாயங்கள் மட்டும் வேண்டுமென்றால் அவை மட்டும் விரியும், மற்றவை மடங்கிக்கொள்ளும். வாவுபலிப் பொருட்காட்சி அத்தியாயம் கல்யாணத்துக்கு முன்னால் வரவேண்டுமா? ஆல்ட் விசையோடு மேல் அம்புக்குறி, அவ்வளவுதான். வெட்டி ஒட்டும்போது நாலு பத்தி காணாமல் போகிற கதை இங்கே இல்லை.

இன்னொன்று. குடிக்கிற தண்ணீரை "வெள்ளம்" என்றே சொல்லிவந்த அம்மை ஏழாம் அத்தியாயத்தில் திடீரென்று "தண்ணீர்" கேட்டால், அந்த இடத்தைக் காட்டச் சொல்லி லிஸ்பில் சின்ன நிரல் எழுதிக்கொள்ளலாம். எது பிழை என்பதை எழுதுகிறவரே முடிவு செய்கிறார். வேறெந்த வசதியையும்விட இதுதான் பெரிது.

அருமனையில் பிறந்த ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை வெண்முரசை 26 நாவல்களாக இணையத்தில் எழுதி முடித்தாரே, அவருக்கு ஈமேக்ஸா எழுதிக் கொடுத்தது என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். எந்தக் கருவியும் கதை எழுதித் தராது. ஆனால் எழுதியது நாளை திறக்க வேண்டுமே! யூனிகோடுக்கு முன்னால் பாமினியிலும் வானவில்லிலும் தட்டிய கதைகளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். ஆர்க் கோப்பு வெறும் யூனிகோடு உரை. ஈமேக்ஸே இல்லாத கணினியிலும் நோட்பேடில் படிக்கலாம்.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு வாரம் விசைகள் பாடாய்ப் படுத்தும் (மூடுவதற்கே கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் சி!). டெர்மினலில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதறலாம். தனிச் சாளரத்தில் திறப்பதே நல்லது. 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் சேர்ந்திருப்பதால் கொம்பும் காலும் அங்கே ஒழுங்காக உட்காரும். தமிழ் உள்ளீடு உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.