உறையாத பால்

எங்கள் இல்லத்தில் ஒரு நாள் ஆட்டுப் பால் உறையவில்லை. ஆட்டுப் பால் தயிர் இயல்பாகவே இளகியிருக்கும் என்பது தெரிந்ததே. ஆயின், அன்று விடிந்த பின்னும் பாலில் புளிப்பென்பதே தோன்றவில்லை. உறைமோர் பழுதோ என ஐயுற்று, அதனையே பசும்பாலில் இட்டோம். அது கட்டித் தயிராயிற்று. வீடு தேடி வந்து பால் ஊற்றும் அன்பரை வினவினேன். "மடிவீக்கம் கண்ட ஆட்டுக்கு ஊசி போட்டேன், ஐயா. காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள், என்ன கெடுதி?" என்றார்.

காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. பென்சிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகளுட் பெரும்பாலன, அடுப்பில் ஒரு கொதி வந்ததும் மறைந்துவிடுவன அல்ல. அம்மருந்து ஒவ்வாத குழந்தைக்கு அப்பாலைப் புகட்டினால் யாது நேரும்? இருமலுக்கும் இளைப்புக்கும் ஆட்டுப் பாலே அருமருந்தென்று பிள்ளைகளுக்கே அதனைத் தேடி வாங்குகிறோம் என்பதையும் நினைத்தல் வேண்டும். 1928-இல் பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங், கொல்லும் அளவுக்குக் குறைந்த மருந்து கிருமியை எதிர்த்து நிற்கப் பழக்கிவிடும் என 1945-ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

உறையாத பால் ஓர் அறிகுறியே. உறைந்த பால் தூய்மைக்குச் சான்றாகாது. ஐரோப்பிய ஒன்றியம் பாலில் பென்சிலினுக்கு வகுத்த வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் நான்கு! அதனை நம் தயிர்ச்சட்டி காட்டுமோ? சோதனைக்கூடத்தில் வெப்பத்தைத் தாங்கும் ஒருவகை நுண்ணுயிரைச் சிறு குப்பியில் வைத்து, சில துளி பாலை விட்டு, 64 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வைப்பர். நுண்ணுயிர் தழைத்தால் ஊதா நிறம் மஞ்சளாகும். மருந்து தடுத்தால் ஊதாவாகவே நிற்கும். டெல்வோடெஸ்ட் என்பது இவ்வகையினதே. உறைமோரின் தத்துவந்தான், நுண்மையாக!

"அச்சோதனை பசும்பாலுக்கென அமைந்தது, ஆட்டுப் பாலில் பிழைபடும்" என்பாரும் உளர். இதில் உண்மையுண்டு. சீம்பாலிலும் நோயுற்ற மடியின் பாலிலும் மிகுந்துள்ள இயற்கைத் தடைப்பொருள்கள், மருந்து இல்லாத போதும் ஊதாவைக் காட்டக்கூடும். அதற்காகச் சோதனையே வேண்டாமென்பதா? ஐயம் எழுந்தால் வேறொரு முறையால் மீண்டும் சோதிப்பதன்றோ அறிவுடைமை! மாணவன் விடைத்தாளில் ஐயம் தோன்றினால் மறுமுறை திருத்துகிறோமே அன்றித் தேர்வையே ஒழித்துவிடுகிறோமா?

கால்நடைத் துறையார் பத்து ஆடு வளர்ப்போரின் கொட்டில் வரை இச்சோதனையைக் கொண்டு வருதல் வேண்டும். வகுப்பில் நுண்ணுயிர் பற்றிக் கற்பிக்கும் நாமோ, பால் வாங்கும்போது ஒரு கேள்வியேனும் கேட்பதில்லை. "ஊசி போட்டு எத்தனை நாளாயிற்று?" எனக் கேட்க நமக்கு என்ன கூச்சம்? மாட்டின் உடலிலிருந்து மருந்து நீங்கும் காலம் வேறு, ஆட்டுக்கு வேறு. அதனைக் கணித்துச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

சென்ற திங்கள் அவ்வன்பர், ஊசி போட்ட ஆட்டின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டி, அதன் பாலை மூன்று நாள் கறந்து கொட்டினாராம். மகிழ்ந்தேன். "மூன்று நாள் என்று யார் சொன்னார்?" என்றேன்.

"மருந்துப் புட்டியில் மாட்டுக்கு அப்படித்தான் போட்டிருந்தது, ஐயா."