திரும்புவதும் யாத்திரையே

அரக்கோணத்து அன்பர்களுக்கு மலை என்றால் திருத்தணிகைதான். ஆண்டின் நாளுக்கு ஒன்றாக அமைந்த 365 படிகளை நிதானமாக ஏறி, களைத்த இடத்தில் சற்றே அமர்ந்து, மீண்டும் எழுந்து சென்றால் தணிகைவேலனின் சந்நிதி வந்துவிடும். முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த மலை அது. அந்தப் பழக்கத்தோடு இமயத்துத் தலங்களுக்குப் புறப்படுவோர் ஒன்றை முன்னரே அறிந்திருத்தல் நலம். அங்கே பாறை மலையின் மேல் பனி மலை ஒன்று படர்ந்திருக்கிறது. அது இருந்த இடத்திலேயே இருப்பதில்லை.

தேவாரப் பாடல் பெற்ற திருக்கேதாரம் ஏறத்தாழ 11,750 அடி உயரத்தில் உள்ளது. தீபாவளியை ஒட்டி நடை சாத்தப்பட்டதும், உற்சவ மூர்த்தி உக்கிமடத்துக்கு இறங்கி எழுந்தருளுகிறார். ஆழ்வார்கள் பாடிய வதரியிலும் கார்த்திகை வாக்கில் நடை சாத்துவர். மாணா கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளத்தை நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குச் சாற்றுவது வழக்கம். பனிக்காலம் முழுவதும் நாரத முனிவர் பூஜிப்பதாக ஐதிகம். உற்சவரே மலையிறங்கும் காலத்தில் மனிதர் ஏறலாகாது என்பதை முன்னோர் வழிபாட்டு முறையாகவே வகுத்து வைத்தனர்.

அதன் காரணம் எளிது. மலைச்சரிவில் பனி ஒரே நாளில் விழுந்து சேர்வதில்லை. பாயின் மேல் பாய் விரித்தாற்போல் அடுக்கடுக்காகப் படிகிறது. அடியில் ஓர் அடுக்கு உறுதியற்றுப் போனால், அதன் மேல் உள்ள பாரம் முழுவதும் ஒருசேர வழுக்கி இறங்கும். புதுப்பனி மிகுதியாகப் பொழிந்த பின் வரும் ஓரிரு நாட்களும், வெயில் ஏறிப் பனி இளகும் பிற்பகலும் ஆபத்து மிகுந்தவை. சரிந்த பனி நின்றவுடன் காரை போல் இறுகிவிடும். அதனுள் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் மீட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். அதன் பின் அது விரைவாகக் குறைந்துவிடும்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,000 அடிக்கும் மேலான காவல் நிலையில், மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனியில் புதைந்தனர். ஆறு நாட்களுக்குப் பின், சுமார் 25 அடி ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டார். நாடே அவருக்காகப் பிரார்த்தித்தது. பிப்ரவரி 11 அன்று அவரும் மறைந்தார். அந்தப் பதின்மரில் நால்வர் தமிழகத்தவர். ஒருவர், அரக்கோணமும் அன்று உட்பட்டிருந்த வேலூர் மாவட்டத்தின் மைந்தர்.

2025 பிப்ரவரி 28 அன்று, வதரிக்கு அருகே அதே மாணா கிராமத்தில், சாலைப் பணியாளர் முகாமின் மீது பனி சரிந்தது. 54 பேர் சிக்கினர். 46 பேர் மீட்கப்பட்டனர். எட்டுப் பேர் மாண்டனர். பனிச்சரிவு அபாயம் உண்டு என்று சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் முந்தின நாள் மாலையே எச்சரித்திருந்தது. யாத்திரிகர் செல்லும் பாதையை ஆண்டு முழுவதும் காப்பவர்கள் இத்தகைய தொழிலாளர்களே.

நடை திறக்கும் சித்திரை, வைகாசியிலும் கேதாரப் பாதையில் சில இடங்களில் பனியை வெட்டியே வழி அமைப்பர். அவ்விடங்களைக் காலையிலேயே கடப்பதும், அங்கே நின்று படம் எடுக்காதிருப்பதும், ஓடையை மூடிய பனியின் மேல் கால் வையாதிருப்பதும் அறிவுடைமை. அடியில் நீர் அரித்து வெற்றிடமாய் இருக்கக்கூடும். காவலர் பாதையை மூடினால் வாதாடலாகாது. ஊர் திரும்பும் பயணச்சீட்டில் இரண்டொரு நாள் இடைவெளி வைத்துக்கொண்டால், காத்திருக்க மனம் இடம் தரும்.

இத்தனை தூரம் வந்தும் தரிசனம் இல்லையே என்று உள்ளம் வாடும். கை கால் தேய்ந்தும் உடலால் உருண்டு கயிலைக்குச் செல்ல முயன்றவர் திருநாவுக்கரசர். முனிவர் வடிவில் வந்து தடுத்தபோது அவர் இணங்கவில்லை. இறைவனே பணித்தபோது பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சி அவருக்கு அங்கேயே கிடைத்தது. ஆடி அமாவாசைதோறும் ஐயாறு அதைக் கொண்டாடுகிறது. ஞானசம்பந்தரோ, ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள திருக்காளத்தியில் இருந்தவாறே கேதாரத்தைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அரக்கோணத்து அன்பர் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தலம் அது.

முழங்கால் இடம் தராத முதியோரும், பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டோரும் காளத்தியில் நின்று வடக்கு நோக்கிக் கைகூப்பலாம். கேதாரநாதர் அந்த வணக்கத்தையும் ஏற்பார்.