முச்சந்தியில் முகங்கள்

நமது நெய்யூரில் ஒரு கல்யாணம் என்றால், முன்னெல்லாம் பந்தற்காலில் கட்டிய குலைவாழையே ஊருக்குச் செய்தி சொல்லிவிடும். இப்பொழுது அது போதவில்லை. மணமக்கள், அவர்களைப் பெற்றவர்கள், பெற்றவர்களுக்குத் தெரிந்த பிரமுகர்கள், பிரமுகர்களுக்குத் தலைவர்கள் ஆகிய அத்தனை பேரும் புன்னகை பூத்தவண்ணம் முச்சந்தியில் வந்து நின்றுவிடுகிறார்கள். வளைவுக்கு அப்பால் வரும் பஸ் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரமுகரின் மீசை தெரிகிறது. நல்ல தரிசனந்தான்!

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், 2019-ஆம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி சென்னைப் பள்ளிக்கரணையில் நடந்தது நினைவுக்கு வருகிறது. ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்த 23 வயதுப் பெண் எஞ்சினீயர் ஒருத்தியின் மேல், சாலையின் நடுத்திட்டில் கட்டியிருந்த கல்யாணப் பேனர் விழுந்தது. நிலைகுலைந்து சாய்ந்தவள்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிற்று. அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்த பிரமுகர் ஒருவரின் வீட்டுக் கல்யாணம் அது. பேனருக்கு அநுமதி கிடையாது.

சட்டம் இல்லாமற் போயிற்றா? பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959-லேயே நம் ராஜ்யத்தில் இயற்றப்பட்டது. போதாக்குறைக்கு, 2018 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் தமிழ்நாடு முழுவதும் பேனர் வைக்கத் தடை விதித்திருந்தது. அதற்கு ஒன்பது மாதங் கழித்துத்தான் அந்தப் பெண் மாண்டாள். அதன் பிறகே, "பேனர் வேண்டாம்" என்று கட்சித் தலைவர்களும் சினிமா நட்சத்திரங்களும் தத்தம் தொண்டர்களுக்குச் சொல்லலானார்கள்.

அந்தத் தடைக்குக் காரணமாய் நின்று வழக்காடியவர் ஸ்ரீ டிராபிக் ராமசாமி. வழக்குப் போட்டதோடு அவர் நிற்கவில்லை. கோர்ட் உத்தரவை அதிகாரிகள் நிறைவேற்றத் தயங்கிய இடங்களில், தள்ளாத வயதிலும் தாமே போய்ப் பேனரைக் கிழித்தார். அடி வாங்கினார், கைதும் ஆனார். தெருவில் வேடிக்கை பார்த்தவர்களில் அவரைப் பைத்தியம் என்றவர்களும் உண்டு. 2021 மே மாதம், 87-ஆம் வயதில் காலமானார். அவரைப் போற்றுவது எளிது. ஒரு நகரமே செய்யவேண்டிய வேலையை ஒரு கிழவரிடம் விட்டுவிட்டோமே என்று வெட்கப்படுவதுதான் சற்றுக் கஷ்டம்.

ஊரார் சேர்ந்து செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹவாய்த் தீவைப் பாருங்கள். 1912-ல் அங்குள்ள பெண்கள் ஒரு சங்கம் கூடினார்கள். விளம்பரப் பலகையில் கண்ட எந்தச் சரக்கையும் வாங்குவதில்லை என்று விரதம் பூண்டார்கள். அந்நியத் துணி பகிஷ்காரத்தைக் கண்ட நம் நாட்டவர்க்கு இந்த ஆயுதம் புதிதல்லவே! வியாபாரிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். கடைசியில் எஞ்சிய விளம்பரக் கம்பெனியை அந்தப் பெண்களே விலைக்கு வாங்கி மூடினார்கள். 1927-ல் பலகைகளைத் தடுக்கும் சட்டமும் பிறந்தது.

இப்பொழுது துணியும் பழசாகிவிட்டது. மின்சாரத் திரைகள் புறப்பட்டிருக்கின்றன. சில விநாடிக்கு ஒரு படமாக மாறி, இரவெல்லாம் கண்ணைக் குத்தும் ஜாதி. லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரசபை 2006-ல் இரண்டு கம்பெனிகளோடு ராஜி செய்துகொண்டு, 840 பலகைகளை இப்படி மாற்ற இடங்கொடுத்தது. படுக்கையறைக்குள் வெளிச்சம் பாய்கிறதென்று குடியிருப்போர் கூச்சலிட்டார்கள். 2013-ல் கோர்ட் உத்தரவால் எழுபதுக்கு மேற்பட்ட திரைகள் இருண்டன. இதில் ஒரு வேடிக்கை: அந்த வழக்கைத் தொடுத்தது போட்டி விளம்பரக் கம்பெனி ஒன்று. கூச்சல் குடிகளுடையது, வழக்கு வியாபாரியுடையது. எப்படியோ, ஜனங்கள் தூங்கினார்கள்.

நமக்குக் கோர்ட்டு வரையில் போகவேண்டியதில்லை. அநுமதி பெற்ற பேனரின் அடியில் அநுமதி எண்ணும் கெடுவும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை பஸ்ஸுக்கு நிற்கும்போது, மீசையை விட்டுவிட்டு அந்த மூலையைப் படியுங்கள். எண் இல்லையென்றால், தெருவார் பத்துப் பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று பேரூராட்சி ஆபீஸுக்குப் போகட்டும். பதில் வராவிட்டால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, யார் அநுமதித்தார் என்று பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். முதற் கையெழுத்துக்கு ஆள் தேடவேண்டாம், அடியேன் போடுகிறேன். என் வீட்டிலும் ஒரு கல்யாணம் வருகிறது, குலைவாழைக்குச் சொல்லிவைத்தாயிற்று.