தெருவைப் பார்த்த கண்கள்

"வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறதில் சாதி எங்கேங்க வருது?" என்று கேட்கிறார்கள் முற்போக்கு நண்பர்கள். வருது தோழர், தெருப் பேரோட வருது.

எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பார்த்தவள் நான். அமெரிக்க டாக்டர் பேசிப் பதிந்ததை ராத்திரி முழுக்கக் கேட்டு, கால்மிதியால் நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்யணும். வரிக்கு இவ்வளவு என்று கூலி. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. களத்துமேட்டில் எங்கம்மாவுக்கு மரக்காலில் அளந்தார்கள். எனக்கு எழுத்தில் அளந்தார்கள். கணினியே கேட்டு எழுதத் தொடங்கியதும், அதன் பிழையைத் திருத்தும் வேலைக்குக் கூலி இன்னும் குறைந்தது.

நோயாளியின் ரகசியம் காக்க 1996இல் அமெரிக்கா சட்டம் போட்டது. அதைச் சொல்லி, தனி அறை இருக்கா என்று பார்க்க மேலாளர் வந்தார். அப்பாவும் தம்பியும் வாசலில் படுத்து எனக்காக ஒழித்துக் கொடுத்த அறையை அவர் பார்க்கவேயில்லை. சேரி முனையிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார். மறுநாள் வேலை இல்லை.

தகுதி, திறமை பேசுகிறவர்களே, என் வரியில் பிழை கண்டீர்களா? தெருவில்தானே கண்டீர்கள்?

தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்கும் தோழர்களே, வீட்டிலிருந்து பார்க்கும் வேலையையும் அந்தக் கோரிக்கையில் சேர்த்து எழுதுங்கள்.