முதலில் துடைப்பம், பிறகு கேமரா

"நம் கடைக்குப் படம் எதற்கு? முப்பது வருடமாக வருகிறவர்களுக்கு வழி தெரியாதா?" என்று நாமும் கேட்டிருக்கிறோம். ஆனால் தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர் பலர் இன்று செல்போனில் கடையின் உட்புறத்தைப் பார்த்துவிட்டே படியேறுகிறார்கள். நாம் படம் போடாவிட்டால், யாரோ போட்ட மங்கல் படம்தான் நம் கடைக்கு முகம்.

சென்ற மாதம் நமது மண்டியை நாமே படம் எடுத்தோம். பருப்பு மூட்டைகளுக்கு மேல் ஒட்டடை. நடைவழியில் காலிச் சாக்கு. தினமும் கல்லாவில் உட்கார்ந்தும் நம் கண்ணில் படாதது, படத்தில் பளிச்சென்று தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

ஆகவே முதலில் கடையைக் கூட்டுங்கள். லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள். காலையில் கூட்டம் வருமுன், கதவை முழுதும் திறந்துவைத்து, வாசலோர மூலையில் நின்று உள்நோக்கி எடுங்கள். இடம் முழுதும் தெரியும். வாசலைப் பார்த்து எடுத்தால் உட்புறம் இருண்டுவிடும். பிளாஷ் வேண்டாம், பிளாஸ்டிக் உறைகளில் பட்டுக் கண்ணைக் கூசும். போனை நெஞ்சுயரத்தில் சாய்க்காமல் பிடித்தால் அலமாரி நேராக நிற்கும். கடன் நோட்டும் வாடிக்கையாளர் முகமும் படத்தில் விழக்கூடாது.

பெரிய கடையின் படத்தை இரவல் வாங்கிப் போடுவது கலப்படச் சரக்கு விற்பதற்குச் சமம். நம் கடை சிறியதுதான். சுத்தமாக இருக்கிறது என்று காட்டினால் போதும்; வாடிக்கையாளர் வருவார்.