கருவி நின்றது, தொட்டி வழிந்தது!

வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர்தான் வீண். பெட்ரோல் தொட்டி வழிந்தால்?

இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே உள்ள இடம் பன்ஸ்பீல்டு. 2005-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி இரவு, அங்குள்ள எண்ணெய்க் கிடங்கில் ஒரு தொட்டிக்குப் பெட்ரோல் ஏற்றினார்கள்.

விடியற்காலை 3 மணிக்கு, மட்டம் காட்டும் கருவி நின்றுவிட்டது. தொட்டியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருப்பதாக அது காட்டியது. பெட்ரோலோ ஏறிக்கொண்டே இருந்தது! நிரம்பியதும் நிறுத்த வேண்டிய இன்னொரு கருவியும் வேலை செய்யவில்லை.

பெட்ரோல் பொங்கி வழிந்தது. 11-ந் தேதி காலை 6 மணிக்குப் பயங்கரமாக வெடித்தது. 43 பேர் காயம் அடைந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. சுற்றிலும் இருந்த ஆபீசுகளில் கூட்டம் இல்லை. அதனால் உயிர்ச்சேதம் இல்லை.

கருவி மீது பழி போடலாமா? கூடாது. சுமார் மூன்று மாதத்தில் அது 14 தடவை நின்றிருக்கிறது! அப்போதைக்கு அப்போது சரி செய்தார்களே தவிர, ஏன் நிற்கிறது என்று சரியாக ஆராயவில்லை.

ஒன்றுக்கு இரண்டு கருவி வைத்தால் மட்டும் போதாது. இரண்டையும் தவறாமல் சோதிக்க வேண்டும். ஒரு தடவை நின்றாலும், காரணம் தெரியும்வரை அந்தத் தொட்டியை நிரப்பக் கூடாது.

சோதனைக்கு ஆகும் செலவு சிறிது. சோதிக்காவிட்டால் வரும் நஷ்டமோ பெரிது!