சாலை ஊருக்கா, கன்டெய்னருக்கா?



சிங்கப்பெருமாள் கோயிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் வழியாகச் செங்குன்றம் செல்லும் மாநில நெடுஞ்சாலை 57-ஐ நம் பகுதி வியாபாரிகளில் அறியாதவர் இல்லை. ஊரையும் ஊரையும் இணைக்கப் போட்ட சாலை அது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. கன்டெய்னர் லாரிகள் பெருகின; சாலை அகலமாயிற்று; நடுவே தடுப்பும் எழுந்தது.

அகலப்படுத்தியதை நாம் குறை கூறவில்லை. சென்னையிலிருந்து வரும் லோடு இன்று தாமதமின்றி வந்து இறங்குகிறது. சரக்கு வர வழி பிறந்தது, சரி; வாடிக்கையாளர் வரும் வழி அடைபட்டதே, அதை யார் கேட்பது?

இச்சாலையோரம் தந்தை காலத்திலிருந்து மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் தம் கடன் நோட்டை எடுத்துக் காட்டினார். எதிர்ச் சாரித் தெருக்காரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. பத்து ரூபாய்க்குக் கடுகு வாங்க, வண்டியில் நெடுந்தூரம் போய்த் திரும்பி வருவார்களா? நடந்து வருபவர்கள் தடுப்பில் ஏறிக் குதிக்க வேண்டும். குழந்தையைக் கடைக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது.

ஆலைத் தொழிலாளர்கள் வாங்குவார்களே என்பர் சிலர். அவர்களைக் கம்பெனி பஸ் ஏற்றி வந்து ஆலை வாசலில் இறக்குகிறது. உள்ளேயே கேன்டீன் இருக்கிறது. வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வடமாநிலத்தவரை நம்பி ஆட்டாவும் கடுகெண்ணெயும் வைத்தவர்களுக்கு வியாபாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பரில் நிறுத்தியதையும் பார்த்தோம். ஆலை வரும், போகும். நம் கடைக்கு என்றும் உள்ள வாடிக்கை சுற்றுக் கிராமங்கள்தான்.

நாம் தடுப்பை இடிக்கச் சொல்லவில்லை. தடுப்பு இல்லாத அகலச் சாலை உயிரைக் குடிக்கும். ஊர் உள்ள இடங்களில் சிக்னலுடன் கடக்கும் வழி, ஓரத்தில் சர்வீஸ் சாலை, பஸ் ஒதுங்க இடம், சரக்கு இறக்க இடம் ஆகியவற்றைத்தான் கேட்கிறோம். இவற்றை வரைபடம் போடும்போதே கேட்க வேண்டும். தார் ஊற்றிய பிறகு மனு கொடுத்தால் "நிதி இல்லை" என்ற பதில்தான் வரும்.

கேட்கப் போகுமுன் நம் முதுகையும் பார்த்துக்கொள்வோம். கடைக்கு முன்னால் நாலடி தகரப் பந்தல், அதற்கு முன்னால் வெங்காய மூட்டை, அதற்கும் முன்னால் போர்டு! பாதசாரி எங்கே நடப்பார்? அதிகாரி முதலில் சுட்டுவது இதைத்தான். அங்கேயே நம் வாய் அடைபட்டுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பின், இந்த ஒரே சாலை செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என மூன்று மாவட்டங்களில் ஓடுகிறது. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் தன் ஆட்சியரிடம் தனித்தனியே மனு கொடுத்துக்கொண்டிருந்தால் அது தனித்தனிக் கோப்பாகவே உறங்கும். சிங்கப்பெருமாள் கோயில் முதல் செங்குன்றம் வரையுள்ள சங்கங்கள் கூடி, எந்த ஊரில் எந்த இடத்தில் மக்கள் கடக்கிறார்கள் என்று குறித்து, ஒரே மனுவாக மூன்று ஆட்சியர்களுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் கொடுக்க வேண்டும். உறுப்பினர்கள் தத்தம் கடை எதிரே உள்ள நிலையை எழுதி, அடுத்த கூட்டத்திற்கு முன் சங்கத்தில் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.